புதிய வேலையில் முதல் மூன்று மாதங்கள்: கருவிகளை நேசிக்கும் டிசைனருக்கு ஒரு வழிகாட்டி

செயலிகளுக்கும் இணையதளங்களுக்கும் திரை வடிவமைப்பவர்களில் பெரும்பாலோர் கருவிகளின் மீது தனிப் பிரியம் கொண்டவர்கள். திரை வரையும் மென்பொருளான ஃபிக்மாவில் புதிய வசதி ஒன்று வந்தால் அன்று இரவே அதைத் திறந்து பார்க்காமல் அவர்களுக்குத் தூக்கம் வராது. அந்த ஆர்வம்தான் என்னையும் இந்தத் தொழிலுக்குக் கொண்டுவந்தது. ஆனால் புதிய நிறுவனத்தில் சேர்ந்த முதல் மூன்று மாதங்களில் ஒருவரை அதிகமாகத் தடுமாறச் செய்வதும் அதே ஆர்வம்தான் என்பதை, மூன்று முறை வேலை மாறியவன் என்ற முறையில் நான் அறிவேன். திரை சரியில்லை என்று கண் உடனே சொல்லிவிடுகிறது, திருத்துவதற்குக் கருவியும் கையில் இருக்கிறது. அந்தத் திரை ஏன் அப்படி ஆனது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் பொறுமைதான் கிடைப்பதில்லை. அந்தப் பொறுமையை அன்றாட வேலைக்குள் எப்படிப் பழகிக்கொள்வது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன். சென்னையில் கடைக்காரர்களுக்கான பில்லிங் மென்பொருள் செய்யும் நிறுவனம் ஒன்றில் கற்றவற்றையே எடுத்துக்காட்டுகளாகத் தருகிறேன். உங்கள் நிறுவனம் மருத்துவமனைக்கோ வங்கிக்கோ மென்பொருள் செய்வதாக இருந்தால், கடைக்காரர் இருக்கும் இடத்தில் செவிலியரையோ காசாளரையோ வைத்துப் படித்துக்கொள்ளலாம்.

சேர்வதற்கு முன்பு

பழைய நிறுவனத்தில் கடைசி நாள் நெருங்கும்போது, நீங்கள் செய்த வேலைகளில் எவற்றைப் போர்ட்ஃபோலியோவில் காட்டலாம் என்று மேலாளரிடம் மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். வெளியாகிவிட்ட திரைகளைக் காட்டுவதற்குப் பொதுவாகத் தடை சொல்ல மாட்டார்கள். வெளியாகாதவற்றையும், வாடிக்கையாளர் விவரங்கள் அடங்கியவற்றையும் கேட்காமலிருப்பதே முறை. மூலக் கோப்புகளை உங்கள் சொந்தக் கணக்குக்கு நகலெடுத்துக்கொண்டு போகாதீர்கள். நிறுவனம் உரிமம் வாங்கிய எழுத்துருக்களையும் அப்படியே விட்டுவிட்டு வாருங்கள். புதிய இடத்தில் பழைய நிறுவனத்தின் ஐகான் தொகுப்பைத் திறந்து காட்டுகிறவரைப் பார்த்து யாரும் மகிழ்வதில்லை. நாளைக்கு நம்முடையதும் இப்படித்தான் வெளியே போகும் என்றுதான் எண்ணுவார்கள்.

வருங்கால வைப்பு நிதிக்கு ஏற்கெனவே உள்ள, வேலை மாறினாலும் மாறாத யூஏஎன் என்ற உறுப்பினர் எண்ணையே புதிய நிறுவனத்திலும் கொடுங்கள். இரண்டாவது எண் ஒன்று உருவாகிவிட்டால் இரண்டையும் சேர்க்க அலைய வேண்டியிருக்கும். நிதியாண்டின் நடுவில் மாறுகிறவர்கள், அதுவரை வாங்கிய சம்பளத்தையும் பிடிக்கப்பட்ட வரியையும் புதிய நிறுவனத்துக்குத் தெரிவிக்காவிட்டால், இரண்டு நிறுவனங்களும் தனித்தனியே, ஆண்டுக்கு ஒருமுறையே கிடைக்கும் நிலைக்கழிவைக் (ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்) கழித்து வரியைக் குறைவாகப் பிடித்துவிடும். அந்தப் பாக்கி கணக்குத் தாக்கல் செய்யும்போதுதான் தெரியவரும்.

மேசையும் பயணமும்

மடிக்கணினி கைக்கு வந்ததும் முதலில் செய்ய வேண்டியது, மாலையில் திரையை மஞ்சளாக்கும் நைட் லைட் வசதி தானாக இயங்குகிறதா என்று பார்ப்பது. அது இயங்கும்போது தேர்ந்தெடுத்த நிறம் மறுநாள் காலையில் வேறு நிறமாகத் தெரியும். அடுத்ததாக, விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன் ஒன்றை டெஸ்டிங் குழுவிடம் கேட்டு வாங்கி, மேசையில் நிரந்தரமாக வைத்துக்கொள்ளுங்கள். 720க்கு 1600 பிக்சல் திரையும் குறைந்த வெளிச்சமும் கொண்ட அந்த போன்தான் உங்கள் பயனர்களில் பெரும்பாலோரின் கையில் இருக்கப்போகிறது. நல்ல மானிட்டரில் மென்மையாகத் தெரியும் இளஞ்சாம்பல் எழுத்து, அதில் காணாமலே போய்விடும். அலுவலகத்தின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே, நண்பகல் வெயிலில் அந்த போனை ஒருமுறை பிடித்துப் பார்ப்பதற்கு ஈடான சோதனை எதுவும் கிடையாது. மெக்கானிக்கல் கீபோர்டில் ஆசையுள்ளவர்கள், தட்டும்போது டக் டக்கென்று ஒலிக்கும் நீல ஸ்விட்ச் பலகையை வீட்டிலேயே வைத்துவிட்டு, ஒலி குறைந்த ஒன்றை எடுத்துச் செல்லுங்கள்.

அலுவலகம் தரமணி, பெருங்குடிப் பக்கம் இருந்தால், பறக்கும் ரயிலில் வந்து இறங்கி மிச்சத் தொலைவை நடந்தோ ஷேர் ஆட்டோவிலோ கடப்பது எத்தனை நிமிடம் ஆகிறது என்று சேர்வதற்கு முந்தைய வாரத்தில் ஒரு வேலைநாளில் போய்ப் பார்த்துவிடுங்கள். பழைய மகாபலிபுரம் சாலையில் காலை ஒன்பது மணிக்கு ஆகும் நேரத்தை ஞாயிற்றுக்கிழமை பயணத்தை வைத்துக் கணக்கிட முடியாது.

முதல் முப்பது நாள் எதையும் மாற்றாதீர்கள்

இந்த வழிகாட்டியில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தப் பகுதிதான், ஏனென்றால் இதைத் தவறவிட்டு நானே தலைகுனிந்திருக்கிறேன்.

நான் சேர்ந்த நிறுவனத்தின் பில் திரையில் 'சேமி' பொத்தான் ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடந்தது. என்டர் விசையை அழுத்தினால் பில் முடிவதற்குப் பதிலாகக் கர்சர் அடுத்த வரிக்குத் தாவியது. என்டர் என்றால் முடித்தாயிற்று என்றுதானே பொருள் என்று எண்ணி, சேர்ந்த இரண்டாம் வாரத்திலேயே, இரண்டு இரவு விழித்திருந்து புதிய திரையை வரைந்து, அசைவுகளோடு முன்மாதிரியும் செய்து, குழுக் கூட்டத்தில் காட்டினேன். அழகாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். கூட்டம் முடியும் வேளையில் மூத்த டெவலப்பர் ஒருவர், "ஸ்கேனர் வச்சிருக்கிற கடையில இது என்ன ஆகும்?" என்று மட்டும் கேட்டார். கடைகளில் உள்ள பார்கோடு ஸ்கேனர்களில் பெரும்பாலானவற்றைக் கணினி ஒரு விசைப்பலகையாகவே பார்க்கிறது. பட்டைக்குறியில் உள்ள எண்களை யாரோ தட்டச்சு செய்வதுபோல ஸ்கேனர் அனுப்புகிறது. கடைசியில் ஒரு என்டரையும் சேர்த்து அனுப்பும்படி அதை அமைத்திருப்பார்கள். நான் வரைந்த திரை வெளியாகியிருந்தால், வாடிக்கையாளர் எடுத்துவந்த பத்துப் பொருள்களில் முதல் சோப்பை ஸ்கேன் செய்த நொடியிலேயே பில் முடிந்து அச்சாகியிருக்கும்.

ஆகவே முதல் முப்பது நாளும் ஒரு குறிப்பேடு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தவறாகப் படும் ஒவ்வொன்றுக்கும், எதைப் பார்த்தேன், ஏன் தவறாகப் படுகிறது, இதை யார் அறிந்திருப்பார் என்று மூன்று வரி எழுதுங்கள். திருத்தத்தை வரையாதீர்கள். வரைந்துவிட்டால் மனம் அதன் பக்கம் சாய்ந்துவிடும், பிறகு கேட்கும் கேள்விகளெல்லாம் அதை நியாயப்படுத்தும் கேள்விகளாகவே அமையும். குறிப்புகள் பத்து சேர்ந்ததும், முதலில் நீங்களாகவே தேடுங்கள்: அந்தத் திரையைப் பற்றிய பழைய டிக்கெட்டுகள் (செய்ய வேண்டிய வேலைகளையும் பிழைகளையும் குழு பதிந்து வைக்கும் குறிப்புகள்), குழுவின் உரையாடல் பதிவுகள், வாடிக்கையாளர் புகார்கள் ஆகியவற்றில் பாதிக் கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும். மீதமுள்ளவற்றை நாளெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தொந்தரவு செய்யாமல், உரியவரிடம் அரைமணி நேரம் கேட்டு வாங்கி, ஒரே அமர்வில் கேளுங்கள்.

கேட்கும் சொற்களிலும் கவனம் வேண்டும். "இது ஏன் இப்படி இருக்கிறது?" என்ற கேள்வியைச் செய்தவரின் காது குற்றச்சாட்டாகவே கேட்கும். "இதை முடிவு செய்தபோது என்ன சிக்கல் இருந்தது?" என்று கேட்டால் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கதை சொல்லத் தொடங்குவார். நம் அலுவலகங்களில் வயதில் மூத்த டெவலப்பரைப் பெயர் சொல்லி அழைப்பது வழக்கமாகிவிட்டாலும், சிலர் "அண்ணா", "அக்கா" என்றோ "சார்" என்றோ அழைக்கப்படுவதையே இயல்பாகக் கொள்கிறார்கள். குழுவில் மற்றவர்கள் எப்படி அழைக்கிறார்கள் என்று இரண்டு நாள் பார்த்துவிட்டு அதையே பின்பற்றுங்கள்.

அந்தக் குறிப்பேட்டில் நான் எழுதிய ஏழாவது குறிப்பு, அரிசிக்கான அளவுப் பட்டியலில் 25 கிலோவும் 26 கிலோவும் அடுத்தடுத்து இருப்பதைப் பற்றியது. யாரோ பிழையாகச் சேர்த்திருக்கிறார்கள் என்றுதான் எழுதியிருந்தேன். விசாரித்தபோது தெரிந்தது இதுதான்: 2022 ஜூலை 18 முதல், பொட்டலமிட்டு லேபிள் ஒட்டி விற்கும் அரிசிக்கு 25 கிலோ வரை 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது, அந்த அளவைத் தாண்டிய மூட்டைக்கு அந்த வரி இல்லை. அதனால் ஆலைகள் 26 கிலோ மூட்டை போடத் தொடங்கின. திரையில் தேவையற்றதாகத் தெரிந்த அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு வரிச் சட்டமும் ஒரு சந்தையின் விடையும் இருந்தன. வரி விகிதங்களின் பட்டியலிலும் இதே கதைதான். 2025 செப்டம்பர் 22க்குப் பிறகு 12, 28 சதவீத விகிதங்கள் பெரும்பாலான பொருள்களுக்கு நீங்கிவிட்டன என்பதற்காக அவற்றைத் திரையிலிருந்து எடுத்துவிட முடியாது. அதற்கு முன் விற்ற பொருளை வாடிக்கையாளர் திருப்பிக் கொடுத்தால், அதற்குப் போடும் கிரெடிட் நோட்டில் பழைய விகிதமே வர வேண்டும்.

கடைக்குப் போய்ப் பார்ப்பது

வாரத்தில் இரண்டு நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம், சப்போர்ட் குழுவினருக்கு அருகில் அமர்ந்து அவர்கள் பேசும் அழைப்புகளைக் கேட்க அனுமதி வாங்குங்கள். பயனர்கள் திரையில் உள்ளவற்றை என்ன பெயர் சொல்லி அழைக்கிறார்கள் என்பது அங்கேதான் தெரியும். நாங்கள் 'கொள்முதல் உள்ளீடு' என்று எழுதி வைத்திருந்ததை அழைத்தவர்கள் எல்லோரும் "சரக்கு ஏத்துறது" என்றே சொன்னார்கள். கேட்ட சொற்களை அப்படியே எழுதி வையுங்கள்; பின்னால் பொத்தானுக்குப் பெயர் வைக்கும்போது அகராதியைவிட அந்தத் தாள் உதவும்.

அதன் பிறகு விற்பனைக் குழுவில் ஒருவரோடு சேர்ந்து கடைகளுக்குப் போங்கள். மாதத்தின் முதல் வாரத்திலும், மாலை ஆறு மணியிலிருந்து ஒன்பது வரையிலும் மளிகைக் கடைக்காரரிடம் பேச நேரம் கேட்பது அவருக்குச் செய்யும் இடைஞ்சல். பகல் பதினொன்றரைக்கோ மூன்று மணிக்கோ போனால், உட்கார ஸ்டூல் எடுத்துப் போடுவார். முதல் அரைமணி நேரம் எதையும் கேட்காமல், கை எங்கே போகிறது, கண் எங்கே நிற்கிறது, எந்த இடத்தில் வேலை தடைபடுகிறது என்று மட்டும் பாருங்கள். மண்ணடியில் ஒரு கடையில் நான் பார்த்தது, கடைக்காரர் பில் போட்டு முடித்ததும் மானிட்டரை வாடிக்கையாளரின் பக்கம் திருப்பிக் காட்டியதைத்தான். "தம்பி, மொத்தம் மட்டும் பெருசாத் தெரியட்டும். மத்ததெல்லாம் எனக்கு மனப்பாடம்" என்றார் அவர். அந்தத் திரைக்கு இரண்டு வாசகர்கள் உண்டு என்பதும், இரண்டாமவர் ஒன்றரை மீட்டர் தள்ளி நிற்கிறார் என்பதும் அலுவலகத்தில் யாருடைய வரைபடத்திலும் இருந்ததில்லை.

ஐந்து பேரைக் கொண்டு சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்று பயன்பாட்டு எளிமை ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000ஆம் ஆண்டில் எழுதியதை நம் தொழிலில் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அந்த ஐவரும் ஒரே வகைப் பயனர்களாக இருந்தால்தான் அது பொருந்தும். மருந்துக் கடைக்காரருக்குக் காலாவதித் தேதியும் தொகுப்பு எண்ணும் உயிர்; ஜவுளிக் கடைக்காரருக்கு நிறமும் அளவும்; இரும்புக் கடைக்காரர் ஒரே பொருளை எடையிலும் எண்ணிக்கையிலும் மாற்றி மாற்றி விற்பார். மூன்று வகைக் கடைகளையும் கலந்து ஐந்து பேரைப் பார்த்துவிட்டு ஆய்வு முடிந்தது என்று சொல்லாதீர்கள்.

தமிழ் எழுத்தை வைத்துத் திரையைச் சோதிப்பது

பல நிறுவனங்களில் திரை முழுவதும் ஆங்கிலத்தில் முடிந்த பிறகு, வெளியிடுவதற்கு முந்தைய வாரம் தமிழ்ச் சொற்களை மாற்றிப் போடுகிறார்கள். புதிதாகச் சேரும் டிசைனர் யாரையும் புண்படுத்தாமல் உடனே பயன்தரக்கூடிய இடம் இதுவே என்பது என் கருத்து. நீங்கள் தமிழ் படிக்கத் தெரிந்தவர் என்பதே இங்கே ஒரு தகுதி.

முதலில் பொருளற்ற லத்தீன் நிரப்பு வரிகளை நீக்கிவிட்டு, உண்மையான சரக்குப் பெயர்களைப் போடுங்கள். "இட்லி அரிசி 26 கிலோ மூட்டை", "தேங்காய் எண்ணெய் 500 மில்லி", "துவரம் பருப்பு உதிரி" போன்ற பெயர்களைப் பட்டியலில் நிரப்பிய உடனேயே, ஆங்கிலத்துக்கு அளந்து வைத்த நெடுவரிசைகளின் அகலம் போதாமல் போவது தெரியும். வரி உயரத்தைப் பாருங்கள். ஆங்கில எழுத்தைவிடத் தமிழில் மேலும் கீழும் நீட்சிகள் அதிகம். மேலே புள்ளியும் இகர ஈகார வளைவுகளும், கீழே உகர ஊகாரக் கால்களும் இருக்கின்றன. எழுத்தளவைப்போல் 1.2 மடங்கு வரி உயரம் வைத்த பட்டியலில், மேல் வரியின் 'ழு' கீழ் வரியின் 'தி'யை முட்டிக்கொண்டு நிற்கும். நான் 1.5 மடங்கிலிருந்து தொடங்கி, தேவைப்பட்டால் குறைத்துக்கொள்கிறேன். தலைப்புகளை நெருக்கமாகக் காட்ட எழுத்துகளுக்கிடையிலான வெளியைக் குறைக்கும் வழக்கத்தையும் தமிழில் கைவிடுங்கள். கொம்பும் காலும் பக்கத்து எழுத்தோடு ஒட்டிக்கொண்டு படிப்பவரின் கண்ணை இடறும். ஆங்கிலத்தில் முழுவதும் பெரிய எழுத்தாக்கித் தலைப்பை வேறுபடுத்திக் காட்டியிருந்தால், அந்த வேறுபாடு தமிழில் இல்லாமலே போகும், ஏனெனில் தமிழுக்குப் பெரிய எழுத்து சிறிய எழுத்து என்ற பிரிவு கிடையாது. அந்த இடத்தில் தடிமனையோ அளவையோ கூட்ட வேண்டும்.

எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும்போது, ஒரே குடும்பத்தில் எத்தனை தடிமன்கள் உள்ளன என்று பாருங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரான் ஆகியவை இலவசமாகப் பயன்படுத்தத்தக்க திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. ஒவ்வொன்றிலும் பல தடிமன்கள் உண்டு. உடன் வரும் ஆங்கில எண்கள் தமிழ் எழுத்தோடு ஒரே உயரத்தில் நிற்கின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் பில் திரையில் பெயருக்குப் பக்கத்திலேயே விலை இருக்கும்.

இனி வருவது டெவலப்பரோடு சேர்ந்து சரிபார்க்க வேண்டியது. கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் 'தமிழ்' என்ற சொல் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து; கணினிக்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடுகள். பெட்டிக்கு இருபது எழுத்து வரம்பு என்று எழுதி வைத்தால், தமிழில் தட்டுகிறவருக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று எழுத்திலேயே பெட்டி நிறைந்துவிடலாம். வரம்பைத் தாண்டியதை வெட்டும்போது நிலைமை இன்னும் மோசம். 'பால்' என்பதை மூன்றாவது குறியீட்டோடு வெட்டினால் புள்ளி உதிர்ந்து 'பால' ஆகிவிடும். ஆகையால் குறியீடுகளை அல்ல, கண்ணுக்குத் தெரியும் முழு எழுத்துகளைக் கணக்கிட்டு வெட்டும்படி டெவலப்பரிடம் கேளுங்கள். அதற்கான வசதி இன்றைய நிரல்மொழிகளில் இருக்கிறது. அகரவரிசையையும் சோதியுங்கள். குறியீட்டு எண்ணின்படி வரிசைப்படுத்தினால் 'ன' எழுத்து 'ந'வுக்கு அடுத்து வந்து நிற்கும். நம் நெடுங்கணக்கில் அது கடைசி மெய். தமிழுக்கான வரிசை விதியைப் பயன்படுத்தாத சரக்குப் பட்டியலில், 'மனை' என்று தொடங்கும் பெயர்கள் 'மரம்', 'மலை' எல்லாவற்றுக்கும் முன்னால் வந்துவிடும்.

பெயர் கேட்கும் படிவத்தில் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டாயப் பெட்டிகள் இருந்தால், நம் ஊரில் பெரும்பாலோர் இரண்டாவதில் தலைப்பெழுத்தை மட்டும் போடுவார்கள். அதைக் குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும் என்று மென்பொருள் மறுக்கும். ஒரே பெட்டியில் முழுப்பெயர் கேட்பதே இங்கே பொருத்தம். தேடல் பெட்டியில் 'அரிசி' என்பதைச் சிலர் தமிழிலும், பலர் ஆங்கில எழுத்திலும் தட்டுவார்கள் என்பதால், இரண்டுக்கும் ஒரே பொருள் கிடைக்கிறதா என்று பாருங்கள்.

அச்சிடும் தாளை மறந்துவிடாதீர்கள். கடைகளில் உள்ள சிறிய தெர்மல் பிரிண்டர் 58 மில்லிமீட்டர் அகலத் தாளில் ஆங்கிலமாக இருந்தால் பொதுவாக வரிக்கு 32 எழுத்து அச்சிடும். அத்தகைய பிரிண்டர்கள் பலவற்றில் தமிழ் எழுத்துரு உள்ளே இருப்பதில்லை, எனவே தமிழ்ப் பில்லைப் படமாக்கி அனுப்ப வேண்டியிருக்கிறது. அச்சு வேகம் குறையும். சாம்பல் நிறமும் மெல்லிய கோடும் அந்தத் தாளில் சரியாக விழா. நீங்கள் வரைந்த பில்லை அலுவலகத்து லேசர் பிரிண்டரில் எடுத்துப் பார்த்து மகிழ வேண்டாம்; உண்மையான பிரிண்டரில் பத்து முறை அடித்துப் பாருங்கள்.

டெவலப்பரிடம் ஒப்படைக்கும் முறை

ஒப்படைக்கும் கோப்பில் எல்லாம் நிறைந்த அழகான திரை ஒன்று மட்டும் இருப்பதே டெவலப்பர்கள் நம்மீது சொல்லும் முதல் குறை, அது நியாயமான குறையும்கூட. சரக்கே இல்லாத கடை முதல் நாளில் எப்படித் தெரியும், இணையம் நின்றுபோனால் என்ன காட்டும், பெயர் மூன்று வரிக்கு நீண்டால் எங்கே மடியும், பிழை வந்தால் என்ன சொற்களில் சொல்லும் என்ற நான்கையும் வரைந்து கொடுங்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி வேறுபாடு சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5க்கு 1 என்றும், பெரிய எழுத்துக்கு 3க்கு 1 என்றும் பார்வைக் குறைபாடு உள்ளவர்களும் படிக்க உதவும் அணுகல்தன்மை நெறிமுறை (WCAG) சொல்கிறது. வெள்ளைப் பின்னணியில் #767676 என்ற சாம்பல் அந்த எல்லையை ஒட்டித் தேறும். டிசைனர்களுக்கு மிகப் பிடித்த #999999 தேறாது. தொடும் பொத்தானுக்கு ஆண்ட்ராய்டில் 48 அலகும் ஆப்பிளில் 44 அலகும் குறைந்தபட்சமாகப் பரிந்துரைக்கப்படுகின்றன. மாவும் எண்ணெயும் படிந்த விரலுக்கு அதையும் சற்றுக் கூட்டி வைப்பது நல்லது.

ஃபிக்மாவில் 2023இல் வந்த வேரியபிள்களும் (நிறம், அளவு போன்றவற்றைப் பெயரிட்டு ஓரிடத்தில் வைக்கும் வசதி) டெவ் மோடும் (டெவலப்பர் கோப்பைப் பார்க்கும் பார்வை) இந்த ஒப்படைப்பை மிகவும் எளிதாக்கியுள்ளன. இருந்தாலும், குழு இன்னும் பழைய ஸ்டைல்களிலேயே வேலை செய்துகொண்டிருந்தால், முதல் மாதத்தில் எல்லாவற்றையும் மாற்றச் சொல்லாதீர்கள். உங்கள் ஒரு திரையில் மட்டும் நிறங்களை வேரியபிள்களாக வைத்துக் கொடுங்கள்; டெவலப்பருக்கு அரைமணி நேரம் மிச்சமானால் அடுத்த திரைக்கு அவரே கேட்பார்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பற்றி ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நிறுவனம் எந்தக் கருவிக்கு அனுமதி கொடுத்திருக்கிறது என்று கேட்டறியாமல், உள்திரைகளின் ஸ்கிரீன்ஷாட்டை வெளிக் கருவி எதிலும் ஏற்றாதீர்கள். பில் திரையில் வாடிக்கையாளரின் பெயரும் போன் எண்ணும் இருக்கும். 2023இல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறுவனத்தின்மீது சுமத்தும் பொறுப்பு ஒருபுறம் இருக்க, அந்த எண் யாரோ ஒருவருடைய அக்காவின் எண்ணாகவும் இருக்கலாம்.

ஆர்வத்துக்கு ஓர் இடம்

கருவிகளின் மீதுள்ள காதலை மூன்று மாதம் முழுக்க அடக்கி வைக்கச் சொல்வது கொடுமை, அது தேவையும் இல்லை. சனிக்கிழமைக் காலையில் இரண்டு மணி நேரத்தை அதற்கென்று ஒதுக்குங்கள். நான் அப்படி ஒதுக்கிய நேரத்தில் ஃபிக்மாவுக்கு ஒரு சிறிய பிளகின் (கூடுதல் வசதி தரும் துணைநிரல்) எழுதினேன். ஜாவாஸ்கிரிப்ட் ஓரளவு தெரிந்தால் போதும். தேர்ந்தெடுத்த பெட்டிகளில் தமிழ்ச் சரக்குப் பெயர்களை நிரப்புவது மட்டுமே அதன் வேலை. குறிப்பேட்டில் சேர்ந்திருந்த பெயர்கள் அதற்கு உணவாயின. யாருடைய திரையையும் குறை சொல்லாமல் அது குழுவில் பரவியது, ஏனென்றால் அது எல்லோருக்கும் இருந்த ஒரு சின்னச் சலிப்பைத் தீர்த்தது.

அலுவலக நாளில் குழுவின் சிறு காலைக் கூட்டமான ஸ்டாண்டப் முடிந்த பிறகான இரண்டு மணி நேரத்தை வரைவதற்கும், மதியத்துக்குப் பிறகான நேரத்தைக் கேட்பதற்கும் பேசுவதற்கும் வைத்துக்கொள்வது எனக்குப் பொருந்தியது. கண் களைக்காமலிருக்க, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது அடி தொலைவில் உள்ள ஒன்றை இருபது விநாடி பாருங்கள். ஜன்னல் ஓர இருக்கை கிடைத்தால் விடாதீர்கள்.

இரண்டாம் மாதமும் மூன்றாம் மாதமும்

முப்பது நாள் முடிந்ததும் குறிப்பேட்டை எடுத்து, காரணம் தெரிந்துகொண்ட பிறகும் தவறாகவே படும் குறிப்புகளை மட்டும் பிரித்தெடுங்கள். என் குறிப்பேட்டில் நாற்பத்தொன்றில் பதினொன்றுதான் மிஞ்சின. அவற்றிலிருந்து ஒரு டெவலப்பர் மூன்று நாளில் முடிக்கக்கூடியதாகவும், கடைக்காரரின் கண்ணுக்கு முதல் நாளே தெரியக்கூடியதாகவும் உள்ள ஒன்றைத் தேர்ந்து மேலாளரிடம் கொண்டுபோங்கள். நான் கொண்டுபோனது மொத்தத் தொகையின் எழுத்தளவு. மண்ணடிக் கடையில் கேட்டதை அப்படியே சொன்னேன், வரைபடம் ஒன்றே ஒன்று காட்டினேன். கூட்டம் பத்து நிமிடத்தில் முடிந்தது.

மாற்றம் வெளியான மறுவாரம் அதே கடைகளுக்கு மீண்டும் போக வேண்டும். சப்போர்ட்டுக்கு வந்த அழைப்புகளில் அந்தத் திரையைப் பற்றியவை கூடினவா குறைந்தனவா என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு, என்ன மாற்றினோம், எந்தக் கடையில் எதைப் பார்த்து மாற்றினோம், எதை வேண்டுமென்றே மாற்றாமல் விட்டோம் என்பதைத் தேதியோடு அரைப்பக்கம் எழுதி, குழுவில் யாரும் தேடி எடுக்கக்கூடிய இடத்தில் போட்டு வையுங்கள். என்டர் விசை ஏன் அடுத்த வரிக்குத் தாவுகிறது என்பதை நான் அப்படி எழுதி வைத்த ஏழாம் மாதத்தில், புதிதாகச் சேர்ந்த பெண் ஒருவர் என் மேசைக்கு வந்து, "அண்ணா, அந்த ஸ்கேனர் குறிப்பைப் படிச்சேன். கேமராவில் ஸ்கேன் பண்ற கடைக்கும் இதேதானா?" என்று கேட்டார். அதற்கு விடை எனக்குத் தெரிந்திருக்கவில்லை. இருவருமாக அந்த மூத்த டெவலப்பரைத் தேடிப் போனோம்.